சம்பளம் வரும்வரை சமாளிக்க: சின்னக் கடனை எங்கே, எவ்வளவு, எப்படி வாங்குவது

மாதக் கடைசியில் ஐயாயிரம், பத்தாயிரம் துண்டு விழும்போது எல்லோரும் முதலில் கேட்பது "வட்டி எவ்வளவு?" என்றுதான். சின்னக் கடனில் அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. கையில் எவ்வளவு வந்து சேரும்? என்றைக்கு முழுசாக அடைபடும்?

6,000 ரூபாய், 20 நாளைக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் நகைக்கடன் என்றால் வட்டி 33 ரூபாய். மதிப்பீட்டுக் கட்டணம் இருந்தால் அது தனி. அடகுக்கடையில் ரெண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய்க்கு வைத்தால் 20 நாளானாலும் பெரும்பாலும் ஒரு மாதக் கணக்குதான், 120 ரூபாய். பத்து வட்டிக்காரரிடம் போனால் 600 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 5,400 தருவார். கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் எடுத்தாலோ, பல கார்டுகளில் குறைந்தபட்சக் கட்டணமே 500 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 90. மாதம் 3.5 சதவீதம் என்றால் 20 நாள் வட்டி 140, அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி 25. ஆக 755 ரூபாய். கௌரவமான பிளாஸ்டிக் அட்டை, தெருமுனைப் பத்து வட்டியைவிட அதிகம் பிடுங்குகிறது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது இதற்காகத்தான்.

முதலில் துண்டை அளந்துகொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து இன்று முதல் சம்பள நாள் வரை கட்டாயம் போகவேண்டிய செலவுகளைத் தேதியோடு எழுதுங்கள். வாடகை, இஎம்ஐ, பள்ளிக் கட்டணம், மருந்து, பஸ், அரிசி பருப்பு, பால். கையிலும் கணக்கிலும் இருப்பதைக் கழியுங்கள். வருகிற தொகையோடு 500 ரூபாய் சேர்த்தால் போதும். அதுதான் நீங்கள் கேட்கவேண்டிய கடன். "எப்படியும் வாங்குகிறோம், பத்தாயிரமாக வாங்கிவிடலாம்" என்ற நினைப்பில்தான் 4,200 ரூபாய் துண்டு பத்தாயிரம் கடனாகிறது. மிச்சம் 5,800 எங்கே போனது என்று ஒரு வாரம் கழித்து யாருக்கும் தெரியாது.

எழுதிய பட்டியலில் எதையெல்லாம் தள்ளிப்போடலாம் என்று பார்ப்பது அடுத்த வேலை. மளிகைக் கடையில் நோட்டு இருந்தால் அதுவே வட்டியில்லாக் கடன். வீட்டுக்காரரிடம் ஐந்தாம் தேதிக்குப் பதில் பத்தாம் தேதி தருவதாக முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். அவரே ஆறாம் தேதி போன் செய்து கேட்டபிறகு சொன்னால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். பள்ளி அலுவலகத்தில் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட எழுதிக் கேட்கலாம். 14.2 கிலோ சிலிண்டருக்குக் காசு இல்லையென்றால் 5 கிலோ சிறிய சிலிண்டர் கிடைக்கும். கிலோ கணக்கில் விலை அதிகம்தான், இந்த மாதத்துக்கு அது ஓடும்.

தள்ளிப்போடக் கூடாதது ஒன்று உண்டு: கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் இஎம்ஐ. பணமில்லாமல் அது திரும்பினால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொரு அபராதம் போடுவார், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. சில இடங்களில் அடுத்த சில நாளில் மறுபடி அனுப்பிப் பார்ப்பார்கள். மறுபடி திரும்பினால் மறுபடி அபராதம். சிபில் அறிக்கையிலும், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவிலும் ஏறும். ஆகவே கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை இஎம்ஐக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதற்குக் கைமாத்து தேடுவதுதான் கணக்குக்குச் சரி. கிரெடிட் கார்டு பில் தேதி சம்பளத்துக்கு முன்னால் வந்து விழுகிறது என்றால் பில் சுழற்சியை மாற்றித் தரச் சொல்லி கேளுங்கள். குறைந்தது ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வசதியைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

சம்பள முன்பணம்

வேலை செய்யும் இடத்தில் கேட்பதற்குப் பலரும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் வட்டியில்லாமல், சிபிலில் ஏறாமல், அடைப்பதற்குத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளவும் தேவையில்லாமல் கிடைப்பது இது ஒன்றுதான். கேட்கும் நாள் முக்கியம். பல அலுவலகங்களில் சம்பளக் கணக்கு 22 முதல் 25ஆம் தேதிக்குள் முடிந்துவிடும். 27ஆம் தேதி போய் நின்றால் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார்கள். 15 முதல் 20க்குள் கேளுங்கள். அதற்குள் பாதி மாதம் உழைத்திருப்பீர்கள். உழைத்த நாளுக்கான பணத்தைத்தான் கேட்கிறீர்கள்.

கடிதத்தில் கதை வேண்டாம். இவ்வளவு போதும்:

"ஐயா, என் மகளின் மருத்துவச் செலவுக்காக 6,000 ரூபாய் சம்பள முன்பணம் வேண்டுகிறேன். இதை அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் மாதம் 3,000 ரூபாய் வீதம் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்."

எவ்வளவு, ஏன், எப்படிப் பிடிக்கலாம் என்ற மூன்றும் இருந்தால் கணக்குப் பிரிவில் மேலே கேள்வி வராது. இரண்டு தவணையாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முழுவதையும் அடுத்த மாதமே பிடித்தால் அந்த மாதமும் அதே அளவு துண்டு விழும். பிடித்தம் சம்பளச் சீட்டில் தனி வரியாக வருகிறதா என்று இரண்டு மாதமும் பாருங்கள். மூன்றாவது மாதமும் பிடிப்பது நடக்கிற தவறுதான்.

பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் உள்ள இடத்தில் வேலை பார்த்தால் அங்கேயும் அவசரக் கடன் இருக்கும். அதில் உறுப்பினராகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால் இந்த மாதத் தேவைக்கு உதவாமல் போகலாம், சேர்ந்து வையுங்கள். பிஎஃப் பணத்தில் கை வைப்பது மாதக் கடைசிச் செலவுக்கான வழியில்லை. மருத்துவம் போன்ற பெரிய தேவைக்கு அது இருக்கட்டும்.

கைமாத்து கேட்கும் முறை

கைமாத்தில் வட்டி கிடையாது. தேதி தவறினால் போவது உறவு. யாரிடம் கேட்பது என்பதில் ஒரு நடைமுறை விதி உண்டு: அந்தத் தொகை இரண்டு வாரம் கையில் இல்லாவிட்டாலும் வீடு ஓடுகிறவரிடம் கேளுங்கள். உங்களைப் போலவே முதல் தேதிக்குக் காத்திருக்கிறவரிடம் கேட்டால் அவருக்கும் துண்டு விழும், மனக்கசப்பும் வரும்.

கேட்கும்போது தொகை, தேதி, திருப்பித் தரும் வழி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

"அண்ணே, ஒரு நாலாயிரம் கைமாத்து வேணும். ஒண்ணாந்தேதி சம்பளம். ரெண்டாந்தேதி காலைல உங்க ஜிபேல போட்டுடறேன். முடியலைன்னா ஒண்ணுமில்லண்ணே, வேற பார்த்துக்கறேன்."

கடைசி வரி சும்மா மரியாதைக்கு இல்லை. "முடியாது" என்று சொல்ல வழி விட்டால்தான் அடுத்த முறையும் போனை எடுப்பார். "கொஞ்சம் பணம் இருக்குமா?" என்று மொட்டையாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் ஐம்பதாயிரமோ என்று பயந்து, தொகையைச் சொல்லும் முன்பே இல்லை என்றுவிடுவார்.

பணத்தை யுபிஐயில் வாங்குவது இருவருக்கும் நல்லது. குறிப்பில் "கைமாத்து" என்று போடச் சொல்லுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். ரொக்கமாக வாங்கினால் அன்று மாலையே "அண்ணே, 4,000 வந்துடுச்சு, 2ஆம் தேதி தர்றேன்" என்று ஒரு வாட்ஸ்அப். இன்னொன்று: 20,000 ரூபாயும் அதற்கு மேலும் தனிநபர் கடனாக ரொக்கத்தில் வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது. அந்த அளவுக்குப் போனால் வங்கி வழியாக மட்டும்.

சொன்ன தேதியில் முழுப் பணம் வராது என்று தெரிந்தால் முந்தின நாளே சொல்லி, கையில் இருப்பதைப் பாதியாவது போட்டுவிடுங்கள். சொன்ன நாளில் இரண்டாயிரம் வந்து சேர்ந்தால் மீதி இரண்டாயிரத்துக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் உள்கடன் கிடைக்கும். வட்டி பெரும்பாலும் நூற்றுக்கு மாதம் ஒன்று முதல் இரண்டு ரூபாய். அந்த வட்டியும் குழுவின் கணக்கிலேயே சேர்கிறது. குழுக் கூட்ட நாளில்தான் தீர்மானம் போட்டுக் கொடுப்பார்கள், அதற்கேற்றாற்போல முன்னதாகவே சொல்லி வைக்கவேண்டும்.

வங்கியில் ஏற்கெனவே இருக்கும் பணம்

நிரந்தர வைப்பு இருந்தால் அதை உடைக்கவேண்டாம். அதன்மேல் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் வசதி) கேளுங்கள். வைப்பு வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதலாக, எடுத்த தொகைக்கும் எடுத்த நாளுக்கும் மட்டும் வட்டி. பல வங்கிகளின் செயலியிலேயே சில நிமிடத்தில் முடியும். எல்ஐசி பாலிசிக்குச் சரண்டர் மதிப்பு (பாலிசியை இடையில் நிறுத்தினால் கிடைக்கும் தொகை) வந்திருந்தால் அதன்மேலும் கடன் உண்டு, ஆனால் பணம் வர நாளாகலாம். ஜன்தன் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட் திட்டம் இருக்கிறது. கணக்கு ஆறு மாதமாவது ஒழுங்காக ஓடியிருக்கவேண்டும். கிளை மேலாளர் கேட்டவுடன் தருவார் என்று நம்பிக் காத்திருக்கவேண்டாம். மாதத் தொடக்கத்திலேயே விண்ணப்பித்து வைத்தால் மாதக் கடைசியில் கைகொடுக்கும்.

நகை: எதை வைப்பது, எங்கே வைப்பது

வீட்டில் ஒரு கிராம் தங்கம் இருந்தாலும் சின்னத் தொகைக்கு இதுவே மலிவு. தவறு நடப்பது பொருளைத் தேர்ந்தெடுப்பதில். ஆறாயிரம் ரூபாய்க்கு மூன்று சவரன் சங்கிலியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இதுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேலேயே கிடைக்கும், வாங்கிக்கோங்க" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லி வருகிறவர்கள் குறைவு. ஒரு மோதிரம், ஒரு ஜோடிக் கம்மல் போதும். கல் வைத்த நகையைத் தவிருங்கள். கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டுமே பணம். அரக்கு வைத்த வளையலிலும் இதே கழிவு.

முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் அல்லது கூட்டுறவு வங்கி, அடுத்து பொதுத்துறை வங்கி, பிறகு நகைக்கடன் நிறுவனம், கடைசியாக அடகுக்கடை. வட்டி பெரும்பாலும் இந்த வரிசையில் ஏறும், வேகமும் இதே வரிசையில்தான் கூடும். வங்கியில் நகை மதிப்பீட்டாளர் வரும் நேரம் என்று ஒன்று உண்டு. பல கிளைகளில் காலை 11 மணிக்கு மேல், சில கிளைகளில் வாரத்தில் சில நாட்கள் மட்டும். போன் செய்து கேட்டுவிட்டுப் போனால் அரைநாள் லீவு மிச்சம். ஆதார், பான், ஒரு புகைப்படம், கணக்குப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். சில வங்கிகள் மிகச் சிறிய தொகைக்கு நகைக்கடன் தருவதில்லை. குறைந்தபட்சம் எவ்வளவு என்பதையும் போனிலேயே கேட்டுவிடலாம்.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்குத் தங்க மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதற்கு மாறுவதற்கான கெடு 2026 ஏப்ரல் 1. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனில் அந்த 85க்குள் முடிவுநாள் வரையிலான வட்டியும் அடக்கம். உங்கள் முன்னிலையில்தான் உரசிப் பார்க்கவேண்டும். சீட்டில் மொத்த எடை, கழிவு, நிகர எடை, தரம், சேதம் ஏதும் இருந்தால் அது, நகையின் படம் எல்லாம் இருக்கவேண்டும். கிளம்பும் முன் மூன்று எடையையும் நிதானமாகப் படியுங்கள். மொத்த எடை 4.120 கிராம், நிகர எடை 3.600 என்று இருந்தால் அந்த 520 மில்லிகிராம் எதற்காகக் கழிந்தது என்று கேளுங்கள். கல் இல்லாத மோதிரத்தில் அவ்வளவு கழிவுக்கு வேலையில்லை. கடனை அடைத்ததும் நகை அன்றே, அதிகம் போனால் ஏழு வேலைநாளுக்குள் திரும்பக் கிடைக்கவேண்டும். அவர்கள் தரப்பில் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

நகைக்கடன் நிறுவனங்களில் விளம்பரத்தில் ஒரு வட்டி, சீட்டில் ஒரு வட்டி இருக்கும். பொய் என்று சொல்லமுடியாது. மாதாமாதம் வட்டியைக் கட்டினால்தான் அந்தக் குறைந்த வட்டி. கட்டாமல் விட்டால் தொடக்கத்திலிருந்தே கூடுதல் வட்டிக்கு ஏறும் திட்டங்கள் உண்டு. "20 நாளில் மூடினால் மொத்தம் எவ்வளவு? 40 நாளில் மூடினால் எவ்வளவு?" என்று இரண்டையும் ரூபாயில் எழுதி வாங்குங்கள். குறைந்தபட்ச வட்டி நாள் என்று ஒன்று வைத்திருக்கிறார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

அடகுக்கடை என்றால் உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அடகுக்கடைக்காரர்கள் சட்டப்படி அச்சிட்ட ரசீது கட்டாயம். அதன் பின்பக்கம் ஒரு வருடம் ஏழு நாள் கெடு என்று போட்டிருக்கும். துண்டுத் தாளில் "மோ-1, 6000" என்று கிறுக்கித் தரும் கடையில் வைக்காதீர்கள். நகையை மீட்க நீங்கள் இல்லாதபோது வீட்டில் வேறு யாராவது போகவேண்டி வரலாம். ரசீதைப் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

நகைக்கடனில் ஆள் மாட்டுவது மீட்கும் இடத்தில்தான். வட்டி சொற்பம் என்பதால் "வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வெச்சிடலாம்" என்று ஆறாயிரம் ரூபாய்க்கு வைத்த மோதிரம் மூன்று வருடம் உள்ளேயே கிடக்கும். சம்பளம் ஏறிய அன்றே மீட்பதாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மலிவு.

கிரெடிட் கார்டு, பே லேட்டர்

ரொக்கமாக எடுக்காமல் பொருள் வாங்க மட்டும் பயன்படுத்தினால் கார்டைப்போல வசதி வேறில்லை. பில் போட்ட மறுநாள் வாங்கும் மளிகைக்கு 45 முதல் 50 நாள் வரை வட்டி கிடையாது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக்கொண்டால் க்யூஆர் ஒட்டியிருக்கும் மருந்துக்கடையிலும் தேய்க்காமல் கட்டலாம். ஆனால் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டி ஓடும். அது முழுதாக அடையும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. இப்போது வாங்கிப் பிறகு கட்டும் பே லேட்டர் வசதிகளிலும் சுழற்சி முடியும் தேதி தவறினால் தாமதக் கட்டணம். தொகை சிறியது என்பதால் அந்தக் கட்டணம் சதவீதக் கணக்கில் மிகப் பெரிதாக இருக்கும்.

ஆப்பில் வாங்குவதாக இருந்தால்

வேறு வழியெல்லாம் அடைபட்டபிறகுதான் இங்கே வரவேண்டும். வந்தால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

1. ஆப் யாருக்காகக் கடன் தருகிறது? எந்த வங்கி அல்லது எந்த என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) என்ற பெயர் ஆப்பிலேயே இருக்கவேண்டும். டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் தளத்தில் வைத்திருக்கிறது. பட்டியலில் பெயர் இருப்பது அதற்கு ரிசர்வ் வங்கி கொடுத்த நற்சான்று ஆகாது. பெயர் இல்லாத ஆப்பைத் தொடவே தேவையில்லை என்பதற்கு அது போதும்.

2. முழுக் கடனையும் 60 நாளுக்குள் திருப்பிக் கேட்கும் தனிநபர் கடன் ஆப்களை கூகுள் பிளே அனுமதிப்பதில்லை. "7 நாள் கடன்" என்று யாராவது லிங்க் அனுப்பி ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோர் வழியாக வராத ஆப்) நிறுவச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

3. தொடர்பு எண்கள், புகைப்படங்கள், அழைப்புப் பதிவு ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கிறதா? கேட்கக் கூடாது என்பது விதி. கேமரா, இருப்பிடம் போன்றவை மட்டும், அதுவும் அடையாளம் சரிபார்க்க ஒரு தடவை. உங்கள் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் உங்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டுகிறவர்கள் இந்த அனுமதியில்தான் எண்களை எடுக்கிறார்கள்.

4. கையெழுத்துக்கு முன் "முக்கிய விவர அறிக்கை" வரும். அதில் ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தையும், கைக்கு வரும் நிகரத் தொகையையும் பாருங்கள். 6,000 ரூபாய் கடனுக்கு 5 சதவீத பரிசீலனைக் கட்டணம் 300, ஜிஎஸ்டி 54 போக 5,646தான் வரும். காப்பீடு என்று டிக் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

5. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரவேண்டும். நீங்கள் கட்டுவதும் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே போகவேண்டும். யாரோ ஒருவருடைய யுபிஐ ஐடிக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி. "கடன் ரெடி, முதலில் 999 ரூபாய் கட்டுங்கள்" என்பதும் அப்படியே.

வாங்கியபிறகு மனம் மாறினால் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாள்களுக்கான செலவையும் கட்டி அபராதமில்லாமல் வெளியேறலாம். முன்பே அறிவித்த பரிசீலனைக் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் ஐந்து ஆப்பில் விண்ணப்பித்துப் பார்ப்பது தவறான வழி. ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகிறது, ஆறாவது இடத்தில் அதைக் காரணம் காட்டியே மறுப்பார்கள்.

தண்டல், வார வட்டி, மீட்டர் வட்டி

தண்டலில் "பத்தாயிரம்" என்றால் கைக்கு 8,500 வரும். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டவேண்டும். 1,500தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம் மட்டுமே. ஆண்டுக் கணக்கில் 120 சதவீதத்துக்கு மேல் வருகிறது. தினம் வியாபாரம் பார்த்து தினம் காசு புரளும் தள்ளுவண்டிக்காரருக்காவது இது ஓடும். மாதச் சம்பளக்காரருக்கு ஒட்டவே ஒட்டாது. முப்பது நாளும் கையை விட்டுப் பணம் போகும், வருவது ஒரு நாள்தான். தண்டலை அடைக்க வார வட்டி, அதை அடைக்க பத்து வட்டி என்று போவது இதனால்தான்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் இருந்தாலும் தெருவில் தண்டல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படியும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் மூன்று பொருளைக் கொடுக்காதீர்கள்: நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்து, தொகை எழுதாத காசோலை, ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும். வெற்றுப் புரோநோட்டில் பின்னால் தொகையை நிரப்பிக்கொண்டு வழக்குப் போட முடியும். ஏடிஎம் கார்டைக் கொடுத்தால் சம்பளம் ஏறிய ஐந்தாவது நிமிடம் அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்களுக்குத் தருவார். அடுத்த மாதமும் அவரிடமே போய் நிற்கவேண்டும். கட்டும் ஒவ்வொரு தொகையையும் யுபிஐயில் கட்டுங்கள். "ரொக்கம்தான்" என்று அவர் பிடிவாதம் பிடித்தால் தண்டல் அட்டையில் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள்.

சம்பள நாளில், தேதி தவறினால்

சம்பளம் ஏறியதும் முதலில் மூடவேண்டியது வட்டி அதிகமுள்ள கடனை. கைமாத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள். மூடியபின் ஆப் கடனுக்கு நிலுவையின்மைச் சான்று, நகைக்கடனுக்கு மூடிய சீட்டு, புரோநோட்டு எழுதியிருந்தால் அசல் புரோநோட்டையே கிழிக்காமல் திரும்ப வாங்குங்கள். தானாகப் பிடிக்கும் அனுமதி கொடுத்திருந்தால் வங்கிச் செயலியில் போய் அதை ரத்து செய்யுங்கள். கடன் முடிந்தபிறகும் ஒரு தவணை பிடித்துவிட்டு அலைய விடுவது நடக்கிறது. ஒரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து "மூடப்பட்டது" என்று வந்திருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம்.

கட்டமுடியாது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டமுடியும் என்று எழுதுங்கள். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அந்தக் கட்டணத்தின்மேல் வட்டி போடக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. உங்கள் உறவினருக்கோ அலுவலகத்துக்கோ போன் செய்து அவமானப்படுத்தவும் கூடாது. செய்தால் அழைப்புப் பதிவு, திரையைப் படமெடுத்த குறுஞ்செய்திகள், கட்டிய ரசீதுகள் மூன்றையும் சேர்த்து முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. உரிமமே இல்லாத ஆப் என்றால் ரிசர்வ் வங்கியின் சாசெட் தளத்தில் புகார். படத்தை மாற்றி மிரட்டினால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண். கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே வாங்க மறுத்தால் எஸ்பி அலுவலகம், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு. மிரட்டலுக்குப் பயந்து அவசரத்தில் இன்னொரு ஆப்பில் வாங்கிக் கட்டாதீர்கள். போன் நின்றுவிடாது, இரண்டு இடத்திலிருந்து வரும்.

அடுத்த மாதச் செலவுத் தாளில் முதல் வரியாக இந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்த தொகையை எழுதுங்கள். 18,000 சம்பளத்தில் 6,000 அடைத்தால் 12,000தான் மாதம் முழுக்க. அதற்குள் அடங்காது என்றால் 10ஆம் தேதிக்குள்ளேயே தெரிந்துவிடும். அப்போதே முன்பணக் கடிதம் எழுத நேரம் இருக்கிறது.